பழகிவிட்டதாம்!

“பழகிவிட்டது!”

இந்த ஒரு சொல்லைப் போல் இந்நாட்டு ஏழையை ஏய்த்த சொல் வேறொன்று இல்லை. பட்டினியா? பழகிவிட்டது. படியேறாதே, எட்ட நில் என்கிறார்களா? அதுவும் பழகிவிட்டது. பாட்டன் நின்ற இடம், தகப்பன் நின்ற இடம், நானும் நிற்கிறேன் என்று நூற்றாண்டு நூற்றாண்டாக நின்றான் தமிழன். அந்தப் பழக்கத்தின் முதுகெலும்பை முறிக்க ஈரோட்டிலிருந்து ஒரு கைத்தடி புறப்பட வேண்டியிருந்தது.

அதே ஈரோட்டின் எல்லையில் காவிரியைக் கடந்தால் பள்ளிபாளையம். ஆற்றோரமாய் வடக்கே போனால் குமாரபாளையம். மேற்கே பல்லடம், சோமனூர். விசைத்தறி ஓடும் ஊர்கள். தெருவில் நுழையும்போதே தெரிந்துவிடும், காது சொல்லிவிடும். தறிக்கூடத்தின் வாசலில் நின்று, உள்ளே நிற்கும் தொழிலாளரைக் கேளுங்கள்: “இந்த இரைச்சலில் எப்படி ஐயா நாள் முழுதும் நிற்கிறீர்கள்?” முதல் முறை கேள்வி அவர் காதில் விழாது. இரண்டாம் முறை உரக்கக் கேட்கவேண்டும். சிரித்துக்கொண்டே பதில் வரும்: “அதெல்லாம் பழகிப் போச்சுங்க!”

பழகியது எது? காதா? கருத்தா? இதயமா? இதைக் கேட்காமல் விட்டதால்தான், தறிக்கூடத்தில் தயாராகும் சாவுக்குத் தலைவிதி என்று பெயர் சூட்டிச் சுடுகாட்டுக்குத் தூக்கிச் செல்கிறோம்.

அந்த இரைச்சல் எங்கிருந்து பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம். பாவு நூலின் நடுவே நாடாவை ஓட விடுவதற்கு ஒரு கட்டை அதை ஓங்கி அடிக்கிறது. பாய்ந்து சென்ற நாடா மறுபுறத்துப் பெட்டியில் மோதி நிற்கிறது. நின்ற நொடியிலேயே அங்குள்ள கட்டை அதைத் திருப்பி அடிக்கிறது. நிமிடத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட அடிகள், ஒரே ஒரு தறியில்! ஓர் ஆள் பார்த்துக்கொள்வதோ நான்கு தறி, ஆறு தறி, எட்டுத் தறி. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர், அவருக்கும் அத்தனை தறி. மேலே தகரக் கூரை, நாற்புறமும் வெற்றுச் சுவர். எழுந்த ஒலி வெளியேற வழியின்றிச் சுவரில் மோதித் திரும்பி, மீண்டும் அந்த மனிதனின் தலைமேலேயே வந்து விழுகிறது. நாடாத் தறிகள் ஓடும் கூடத்தில் ஒலி அளவியை வைத்தால் முள் 95 டெசிபெல்லைத் தாண்டுவது வழக்கம். 100 ஐத் தொடுவதும் உண்டு.

டெசிபெல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. 3 ஏறினால் ஒலியின் ஆற்றல் இருமடங்கு. 10 ஏறினால் பத்து மடங்கு. 85 க்கும் 95 க்கும் ‘பத்துதானே வித்தியாசம்’ என்று முதலாளி சொன்னால், பத்து மடங்கு வித்தியாசம் என்று திருத்துங்கள்.

“பழகிவிட்டது” என்பதற்குக் காதைப் பொறுத்தவரை ஒரே பொருள்தான்: செத்துவிட்டது. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை பேரோசையில் ஒவ்வொன்றாய் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது மெல்லிய உயர்சுருதி. குருவியின் குரல், குழந்தையின் மழலை. அது போனதே தெரியாமல் ஆள் நடமாடுகிறான். பிறகு ஒரு நாள் இரைச்சல் முன்போல் உறுத்தவில்லை என்கிறான். உறுத்துவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1713 இல், தொழிலாளரின் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், வெனிஸ் நகரத்தில் நாளெல்லாம் செம்பு தட்டும் கன்னார்கள் செவிடாவதைக் குறித்து வைத்தார். 1886 இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தாமஸ் பார் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரின் செவியைச் சோதித்து, நல்ல செவி உடையவர் ஒருவரும் இல்லை என்று கண்டார். முந்நூறு ஆண்டுச் செய்தி நம் தறிக்கூட வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சாமியார் சாம்பல் கொடுத்த செய்தி மட்டும் ஒரே இரவில் ஊர் ஊராய்ப் பரவிவிடுகிறது!

காது போனால் போகட்டும், கை கால் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. அவர்களுக்காகத்தான் அடுத்த செய்தி.

செவி உறக்கமில்லாத காவலாளி. கண்ணுக்கு இமை உண்டு, செவிக்குக் கதவு இல்லை. காட்டில் வாழ்ந்த மனிதனுக்குப் பேரோசை என்றால் பேரிடர். புலி, இடி, பாறைச் சரிவு. ஓசை எழுந்ததும், சிந்தித்து முடிவெடுக்கும் முன்பே, மூளையின் ஆழத்திலிருந்து அபாயக் குரல் எழுகிறது. சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் இரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் விரைகிறது. நாளங்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஓடு, அல்லது எதிர்த்து நில் என்று உடலுக்கு ஆணை!

புலி வந்தால் ஓடலாம். தறியை விட்டு எங்கே ஓடுவது? முன்பணம் வாங்கியிருக்கிறான். ஓடினால் கடன் துரத்தும். எனவே நிற்கிறான், ஓடச்சொல்லும் இதயத்தோடு ஓடாமல் நிற்கிறான். இன்று பன்னிரண்டு மணி நேரம், நாளை பன்னிரண்டு மணி நேரம், இருபது ஆண்டு, முப்பது ஆண்டு. “எனக்குத் தொந்தரவாய்த் தெரியவில்லை” என்று வாய் சொல்கிறது. அந்த வாக்குமூலத்தில் நாளங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. மனம் ஒலியை ஒதுக்கிவிட்டாலும் உடலின் இந்த எதிர்வினை முற்றிலும் அடங்குவதில்லை. சுருங்கிச் சுருங்கி நாளத்தின் உட்சுவர் கெடுகிறது. கெட்ட சுவரில் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்கிறான். “வாயுப் பிடிப்பு” என்கிறாள் பாட்டி. “ஏழரைச் சனி” என்கிறான் சோதிடன். “நல்ல சாவு, நோகாமல் போனான்” என்கிறது ஊர். முதலாளி மாலை வாங்கி வருகிறார். தறி ஓடிக்கொண்டிருக்கிறது.

சான்று எங்கே என்று கேட்கவேண்டும். கேட்பவன்தான் பகுத்தறிவாளன்.

கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 14 மர அறுவை ஆலைகளில் வேலை செய்த 27,000 க்கும் மேற்பட்ட தொழிலாளரின் வாழ்வையும் சாவையும் கணக்கெடுத்து 2005 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இரைச்சலில் கழித்த காலம் கூடக்கூட மாரடைப்புச் சாவும் கூடியிருந்தது. காதடைப்பான்கள் வழக்கத்துக்கு வருமுன் வேலை செய்தவர்களிடம் இது இன்னும் அழுத்தமாய்த் தெரிந்தது. அமெரிக்காவில் 2016 இல் வந்த ஆய்வொன்று 5,223 பேரை எடுத்துக்கொண்டு, இரு செவியிலும் உயர்சுருதி கேட்கும் ஆற்றலை இழந்தவர்களுக்கு — அதாவது நெடுங்காலம் பேரோசையில் நின்றதன் தழும்பு உடையவர்களுக்கு — இதய நோய் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுவதைக் காட்டியது. செத்த செவி, சாகப்போகும் இதயத்துக்குச் சாட்சி சொல்கிறது! 2018 இல் அந்நாட்டின் தொழில் நலவாழ்வு ஆய்வாளர்கள், உழைப்போரிடையே காணும் உயர் இரத்த அழுத்தத்தில் நூற்றுக்கு 14 பங்கை வேலையிடத்து இரைச்சலின் கணக்கில் எழுதலாம் என்று மதிப்பிட்டார்கள்.

மறைக்காமல் மறுபக்கமும் சொல்லவேண்டும். மறைப்பது புராணிகர் தொழில். உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய மறு ஆய்வு 2021 இல் வெளிவந்தது. 85 டெசிபெல்லும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் வேலை செய்வோருக்கு இதயநாள நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 29 பங்கு கூடுதலாய்த் தெரிகிறது. ஆயினும் இந்தச் சான்று வரம்புக்குட்பட்டதே. பக்கவாதம், உயர் இரத்த அழுத்தம் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதிய சான்று இல்லை. அவர்கள் எழுதிய முடிவு இது. ஆலை முதலாளியின் வழக்கறிஞர் இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வார். “பார்த்தீர்களா, சான்று போதாதாம்!”

போதாது, உண்மை. ஏன் போதாது? அளப்பவன் இல்லாத இடத்தில் அளவு எங்கிருந்து வரும்? பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்தில் யார் ஒலி அளவி வைத்தார்? எந்தத் தொழிலாளியின் இரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் குறித்து வைத்தார்கள்? நெஞ்சு வலி கண்டவன் வேலையை விட்டு ஊருக்குப் போய்விடுகிறான். மிஞ்சி நிற்பவன் திடகாத்திரமானவன். அவனை மட்டும் எண்ணிவிட்டு, எல்லாரும் நலம் என்று எழுதினால் கணக்கு எப்படிச் சரியாகும்? குற்றவாளியே கோப்பைத் திறக்காமல் பூட்டிவைத்துவிட்டு, கோப்பில் ஒன்றுமில்லை என்று வாதாடுகிறான்.

இன்னொன்று. இதயத்தைப் பற்றிய ஐயம் அப்படியே இருக்கட்டும். செவியைப் பற்றி ஐயமே இல்லையே! செவியைக் காக்க எதைச் செய்யவேண்டுமோ அதையேதான் இதயத்தைக் காக்கவும் செய்யவேண்டும். ஒரு சான்று முழுமையாக இருக்க, மற்றது முழுமையாகும்வரை இரண்டையும் ஒத்திவைப்பானேன்?

பஞ்சுத்தூசி, வெக்கை, இரவு வேலை, பீடி, கடன் கவலை — இவையும் இதயத்தைத் தின்கின்றனவே என்றால், ஆம், தின்கின்றன. நீண்ட வேலை நேரம் பற்றி அதே இரு நிறுவனங்கள் 2021 இல் தயங்காமலே சொல்லியிருக்கின்றன: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 35 பங்கும், இதயநாள நோயால் சாகும் வாய்ப்பு 17 பங்கும் கூடுதல். 2016 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7 இலட்சத்து 45 ஆயிரம் சாவுகள். பன்னிரண்டு மணி வேலை, வாரம் ஆறு நாள் என்று பெருக்கிப் பாருங்கள்: 72! நம் தறிக்காரன் 55 ஐ ஐந்தாம் நாள் முடிவதற்குள் தாண்டிவிடுகிறான். இத்தனை எமன்கள் சூழ்ந்திருக்க, இரைச்சல் மட்டும் ஏன் நிரபராதி? அதைக் கண்ணால் காணமுடியாது என்பதாலா? கண்ணால் காணாத கடவுளுக்கு மட்டும் கட்டடம் கட்டுகிறார்களே!

சட்டம் என்ன செய்கிறது? சட்டத்துக்குக் காது இருக்கிறது, இதயம் இல்லை. சிலேடையாகச் சொல்லவில்லை, பட்டியலைப் பாருங்கள். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், மருத்துவர் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே தீரவேண்டிய நோய்களின் அட்டவணை ஒன்று இருந்தது. அதில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு இருந்தது. இரைச்சலால் வரும் இதய நோய் இல்லை. செவிடனானால் படிவம் உண்டு. செத்தால் படிவம் இல்லை!

அச்சட்டத்தின் வழிவந்த விதிகள் வகுத்த எல்லை, 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல். 95 என்றால் 4 மணி. 100 என்றால் 2 மணி. அமெரிக்கச் சட்டத்தின் எல்லையும் 90 தான். ஆனால் அங்கே 85 ஆனதுமே செவிப் பாதுகாப்புத் திட்டத்தை ஆலை தொடங்கியாக வேண்டும். அந்நாட்டு ஆய்வு நிறுவனம் 1998 இல் இன்னும் இறங்கி வந்து, 8 மணி நேரத்துக்கு 85 தான், 100 என்றால் 15 நிமிடந்தான் என்றது. இரண்டு மணி எங்கே, பதினைந்து நிமிடம் எங்கே! ஐரோப்பாவில் 2003 ஆம் ஆண்டு ஆணைப்படி 80 லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. 87 க்கு மேல் எந்தத் தொழிலாளியின் காதையும் தொடக்கூடாது. வெள்ளைக்காரன் காது வெண்ணெயில் செய்தது, நம் காது கருங்கல்லா?

வேடிக்கை இன்னும் முடியவில்லை. 2000 ஆம் ஆண்டில் வந்த ஒலிமாசு விதிகளின்படி, தொழிற்பகுதியில் பகல் நேர எல்லை 75 டெசிபெல். குடியிருப்புப் பகுதியில் 55. அதாவது ஆலைக்கு வெளியே சாலையில் நடப்பவனுக்கு 75. உள்ளே வேர்வை சிந்துபவனுக்கு 90. இந்தப் பதினைந்தின் பொருள், ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்கு ஆற்றல்! தறி வீட்டோடு ஓடும் தெருக்களில் 55 டெசிபெல் எந்தக் கதையில் வருகிறதோ தெரியவில்லை. அங்கே தொட்டிலும் தறியும் ஒரே கூரையின் கீழ். என் வகுப்பில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் எழுந்து பதில் சொன்னால் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்ப்பார். “ஏன் கத்துகிறாய்?” என்று அதட்டுவார். கத்தினால்தான் அம்மாவுக்குக் கேட்கும் வீட்டிலிருந்து வருகிறான் அவன்.

இந்த எல்லைகளாவது தறிக்கூடத்தை எட்டுமா? விசை கொண்டு ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது 1948 சட்டம். அதை நீக்கிவிட்டு, 2020 இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு 20 பேர் என்றது. நான்கு பேர், ஐந்து பேர் வேலை செய்யும் தறிக்கூடம் அன்றும் வெளியே. பதினைந்து பேர் வேலை செய்யும் கூடமும் இன்று தொழிற்சாலை என்னும் பெயரை இழந்து நிற்கிறது. ஆள் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எந்த அறிவியல் சொன்னது? எட்டுத் தறிக்கு நடுவே நிற்கும் ஒற்றை மனிதனின் இதயம், தனக்குத் துணையாக இன்னும் பத்தொன்பது பேர் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டா துடிக்கிறது?

சட்டம் கைவிட்ட இடத்தில் சாத்திரம் கை கொடுக்கிறது. ஆயுத பூசை! தறியைக் கழுவுகிறார்கள், சந்தனம் தடவுகிறார்கள், குங்குமம், கதம்பம், பொரி, கடலை. பூசணிக்காயை உடைத்துத் திருஷ்டி கழிக்கிறார்கள். ஆண்டில் அந்த ஒரு நாள் இயந்திரத்துக்கு ஓய்வு. எண்ணெய் விட்டால் அடங்கும் இரைச்சலுக்கு எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள்! இரும்புக்குப் பொட்டு வைத்தவர், அந்த இரும்பின் முன் நிற்பவனின் நாடியைப் பிடித்துப் பார்த்ததுண்டா? நாடிபிடிக்க வேண்டிய கையில் கற்பூரத் தட்டைக் கொடுத்தது யார்? முற்பிறவி வினை என்று சொல்லிக்கொடுத்த கூட்டந்தான். வினை இருக்கிறது, தோழர்களே. முற்பிறவியில் இல்லை, நாடாப் பெட்டியில் இருக்கிறது.

நம் மேலும் ஒரு விரல் நீட்டிக்கொள்வோம். கோயில் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கியை ஏசும் நாம், நம் கூட்டங்களில் அதைவிடப் பெரிய கூம்பைக் கட்டுகிறோம். கருத்து உயர்ந்தது என்பதால் டெசிபெல் தாழ்ந்துவிடாது.

முதலாளிமார் சொல்லும் சமாதானம் ஒன்று இருக்கிறது: “காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன், அவன் போடமாட்டேன் என்கிறான்.” ஏன் போடமாட்டான்? தகரக் கூரையின் கீழ், சித்திரை வெயிலில், காதை இறுக்கும் பொருளைப் பன்னிரண்டு மணி நேரம் அவர் போட்டுக் காட்டட்டும். இழை அறுந்தால் தறியின் ஓசை மாறுவதைக் கேட்டே கண்டுபிடிப்பவன் நல்ல தறிக்காரன். காதை அடைத்தால் துணியில் பழுது விழும், கூலியில் வெட்டு விழும். சிலர் பஞ்சைத் திணித்துக்கொள்கிறார்கள். அது காவல் ஆகாது. மனிதனின் காதை மூடுவது கடைசி வேலை. முதல் வேலை இயந்திரத்தின் வாயை மூடுவது. நாடா மோதும் இடங்களில் தாக்கத்தைத் தாங்கும் மெத்தை, தேய்ந்த பல்சக்கரங்களுக்கு மாற்று, தறியின் காலடியில் அதிர்வை விழுங்கும் ரப்பர்த் திண்டு, கூரைக்குக் கீழே ஒலியை உறிஞ்சும் தட்டி, தறிக்கும் தறிக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி. இவையெல்லாம் விண்வெளி வித்தைகள் அல்ல. நாடாவே இல்லாத தறிகள் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அவையும் மௌனமாய் ஓடுவதில்லை. ஆனால் நாடாவை அடிக்கும் அந்தச் சம்மட்டி அடி அவற்றில் இல்லை. செலவாகும். ஆகட்டும். பணமில்லாத சிறு தறிக்காரருக்கு அரசு தரவேண்டும். மின்சாரத்துக்குச் சலுகை கொடுக்கத் தெரிந்த அரசுக்கு ரப்பருக்குக் கொடுக்கவும் தெரியும்.

தொழிலாளர் சங்கங்களும் கேட்கட்டும். கூலி உயர்வுப் பேச்சில் மீட்டருக்கு இத்தனை காசு, போனஸ் இத்தனை பங்கு என்று கேட்கிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். அதே மேசையில், 8 மணி நேர வேலையையும், ஆண்டுக்கு ஒரு முறை செவிச் சோதனையோடு இரத்த அழுத்தச் சோதனையையும், அந்த எண்ணைத் தொழிலாளியின் கையிலேயே எழுதிக் கொடுப்பதையும் ஏன் கேட்கவில்லை? 1923 இல் சென்னையில் மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலர்தான் ‘குடி அரசு’ ஏட்டில் அறிவியலையும் எழுதினார். தொழிற்சங்கக் கொடியும் ஆய்வுக் கருவியும் ஒரே கைக்குரியவை என்று அவர் கண்டார். நாமோ கொடியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மன்றத்து இளைஞர்களுக்கு ஒரு வேலை. ஒலி அளவி யானை விலையில்லை; ஒரு பொதுக்கூட்டத்துக்கு வளைவு கட்டும் செலவில் ஒன்று வாங்கலாம். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் ஒன்று. ஆயுத பூசைக்கு மறுநாள், சந்தனம் காயுமுன், தறி மீண்டும் ஓடத் தொடங்கும் வேளையில், தொழிலாளரின் ஒப்புதலோடு உங்கள் ஊர்க் கூடம் ஒவ்வொன்றிலும் அளந்து, நாளும் நேரமும் எழுதுங்கள். முப்பது ஆண்டு தறி ஓட்டியவர், மூன்று ஆண்டு ஓட்டியவர், தறி ஓட்டாத அவர் தம்பி, மூவரின் இரத்த அழுத்தத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். கூடிப்போனவர்களை அரசு மருத்துவமனைக்குக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். பெயர் எழுதாத அந்தப் பட்டியலின் ஒரு படி ஆலை ஆய்வாளருக்கு, ஒரு படி சட்டமன்ற உறுப்பினருக்கு, ஒரு படி இந்த ஏட்டுக்கு. இன்னொரு படியைத் தறிக்கூடத்துக் கதவில், குங்குமப் பொட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டு வாருங்கள்.